குல்லா பின்னக் கற்போருக்கு ஒரு திறந்த மடல்



தாம்பரத்திலும் சேலையூரிலும், குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும், அப்பால் மேடவாக்கம் வரையிலும் பரந்து கிடக்கும் நமது தென்புறநகரில், சமீப காலமாகக் குரோஷா ஊசியையும் உல்லன் பந்தையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலின் மகளிர் பெட்டியிலும், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் வேளையிலும், இரவு அடுப்படி வேலை ஓய்ந்த பிற்பாடும், ஒரு குல்லாவையாவது முழுமையாகப் பின்னி முடித்துவிட வேண்டும் என்ற வைராக்கியத்தோடு உழைத்துக்கொண்டிருக்கும் உங்கள் அனைவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். உங்களிற் பலரை எனக்கு முகம் தெரியாது. ஆயினும் உங்கள் குல்லாக்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். சில உச்சியில் கூம்பி நின்றன. சில விளிம்பெங்கும் அலையலையாகச் சுருண்டு எந்தத் தலையிலும் உட்கார மறுத்தன. ஒன்றிரண்டு, பச்சிளங் குழந்தைக்கென்று தொடங்கப்பெற்று, தாத்தாவின் தலைக்குப் போதுமான விஸ்தீரணத்தில் முடிந்திருந்தன. அவற்றைப் பின்னிய கைகளில் குறை ஒன்றும் இல்லை. தையல்கள் சீராக இருந்தன. நூல் ஒரே இழுப்பில் ஓடியிருந்தது. பேட்டர்ன் என்று நாம் சொல்லும் அந்த அரைப்பக்கக் காகிதத்தை எவரும் முறையாகப் படிக்கவில்லை என்பதுதான் குறை.

உங்களிற் பெரும்பாலோர் கைபேசித் திரையில் யாரோ ஒருத்தி பின்னிக் காட்டுவதைப் பார்த்து, நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி பார்த்து, அவள் கை போன வழியே உங்கள் கையையும் செலுத்திக் கற்கிறீர்கள். ஊசி பிடிக்கும் பழக்கமும், நூலை இடக்கை விரல்களில் சுற்றித் தளராமல் விடும் லாகவமும் கண்ணால் கண்டு வரவேண்டியவையே. அந்த அம்சத்தில் திரை மிக நல்ல ஆசான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்மணியின் நூல் வேறு, உங்கள் நூல் வேறு. அவள் இழுக்கும் இறுக்கம் வேறு, உங்களுடையது வேறு. அவள் மனத்தில் வைத்திருக்கும் தலை வேறு, உங்கள் வீட்டுத் தலை வேறு. சங்கீதத்தைக் குருமுகமாகக் கேட்பதே உத்தமம் என்று எல்லோரும் கருதிய காலத்திலேதான், எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் தமது ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலை ஸ்வரக் குறிப்புகளோடு 1904இல் அச்சேற்றினார். குருவின் குரலுக்கு எட்டாத தூரத்தில் இருப்பவரும், ஆவர்த்தனம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தப் பகுதி திரும்பி வருகிறது என்பதைத் தாமே கண்டு சரிபார்த்துக்கொள்ள அது வழி செய்தது. குல்லாவின் பேட்டர்னும் அந்த ஜாதியைச் சேர்ந்த குறிப்புதான். அதைப் படிக்கத் தெரிந்தவள் எவருடைய குல்லாவையும் தன் வீட்டுத் தலைக்கு மாற்றிக்கொள்ள முடியும். பார்த்துப் பின்னுகிறவளுக்கோ, காட்டியவளின் குல்லாதான் கிடைக்கும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

பேட்டர்னைக் கண்டு புதியவர்கள் மிரள்வதற்குக் காரணம் அதன் சுருக்கெழுத்து. ஆகவே பொதுவாகப் பேசிக்கொண்டிராமல், ஒரே ஒரு வரியை எடுத்து அக்கக்காகப் பிரித்துப் பார்ப்போம். நம் எழுத்துக்கு மாற்றினால் அது இப்படி இருக்கும்:

சுற்று 5: (3 சி, 1 கூ) × 6 [30]

‘சி’ என்பது சிங்கிள் குரோஷே. ‘கூ’ என்பது கூட்டல், அதாவது கீழ்ச்சுற்றின் ஒரே தையலுக்குள் இரண்டு சிங்கிள் போடுவது. வளைந்த அடைப்புக்குள் இருப்பது ஒரு தடவைக்குரிய வேலை. பெருக்கல் குறிக்குப் பின்னால் வரும் ஆறு, அந்த வேலையை ஆறு தடவை செய்யச் சொல்கிறது. சதுர அடைப்புக்குள் இருக்கும் முப்பது, சுற்றை முடித்து எண்ணிப் பார்க்கையில் இருந்தாகவேண்டிய தையல்களின் தொகை. இதுவரை எல்லோரும் படித்துவிடுகிறார்கள். பெரும்பாலோர் படிக்காமல் விடுவது அந்த அடைப்புக்குள் ஒளிந்திருக்கும் வரவு செலவை. மூன்று சிங்கிளுக்குக் கீழ்ச்சுற்றுத் தையல்கள் மூன்று, கூட்டலுக்கு ஒன்று, ஆக நான்கு செலவாகின்றன. மேலே மூன்றும் இரண்டும் ஐந்து வரவாகின்றன. ஆறு தடவைக்குச் செலவு 24, வரவு 30. நான்காம் சுற்றின் இறுதியில் உங்களிடம் 24 இருந்திருந்தால் கணக்கு நேராகும். 23ஓ 25ஓ இருந்திருந்தால், ஐந்தாம் சுற்றின் கடைசி அடைப்புக்கு வரும்போது தையல் போதாமலோ மிஞ்சியோ நிற்கும். அப்போது ஐந்தாம் சுற்றை மட்டும் பிரித்துப் பிரித்துப் பின்னுவது வீண் பிரயாசை. பிழை அதற்குக் கீழேயுள்ள சுற்றில் இருக்கிறது. சதுர அடைப்பின் எண்ணை அலங்காரமென்று தள்ளிவிடாமல், சுற்று முடியுந்தோறும் விளிம்பைத் திருப்பிப் பிடித்து, மேலே ஜடைபோல வரிசையாகத் தெரியும் ‘V’ வடிவக் கண்களை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு மேலே போகிறவளுக்கு இந்தச் சங்கடம் ஒருநாளும் நேராது.

சில பேட்டர்ன்கள் அடைப்புக்குப் பதிலாக நட்சத்திரக் குறியிட்டு, நட்சத்திரத்திலிருந்து மேலும் ஐந்து முறை செய்க என்று முடிக்கும். மேலும் ஐந்து என்றால் மொத்தம் ஆறு. முதல் தடவையை நீங்கள் ஏற்கனவே செய்துவிட்டீர்கள். இவ்வளவு அற்பமான இடத்தில் எவ்வளவோ குல்லாக்கள் தடம்புரண்டிருக்கின்றன.

இன்னொரு சூட்சுமம் பேட்டர்னின் தலைப்பகுதியில், நூல், ஊசி இவற்றின் பட்டியலுக்குக் கீழே, எவரும் படிக்காத பொடியெழுத்துக் குறிப்பில் கிடக்கும். சுற்றை ஸ்லிப் ஸ்டிச் போட்டு மூடி, அடுத்த சுற்றின் உயரத்துக்கு ஏறுவதற்காக ஒரு சங்கிலி போடுகிறோம் அல்லவா? அந்தச் சங்கிலி ஒரு தையலாகக் கணக்கில் சேருமா, சேராதா என்பதை அங்கேதான் சொல்லியிருப்பார்கள். சிங்கிள் குரோஷேயில் பெரும்பாலும் சேராது. டபுள் குரோஷேயில் ஏறுவதற்குப் போடும் மூன்று சங்கிலிகள் அநேகமாக ஒரு தையலாகச் சேரும். சேராத சங்கிலியைச் சேர்த்து எண்ணி, மூடிய ஸ்லிப் ஸ்டிச்சின் கண்ணிலும் ஊசியை விட்டு ஒரு சிங்கிள் போட்டுவிட்டால், சுற்றுக்கு ஒரு தையல் ஓசையின்றி ஏறிக்கொண்டே போகும். மூடாமல் சுழன்று சுழன்று மேலே போகும் முறையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சுற்றின் தொடக்கம் எங்கே என்று கண்ணுக்குப் புலப்படாது. அதற்கென்று கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் மார்க்கர் வேண்டுமென்பதில்லை. வீட்டிலுள்ள ஓர் ஊக்கை முதல் தையலின் கண்ணில் மாட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் மேலே நகர்த்திக்கொண்டு போனால் போதும். பரங்கிமலையில் ஏறும் கூட்டம் உங்களைத் தோளோடு தோளாக நெருக்கி, எண்ணிக்கொண்டிருந்த எண்ணிக்கை மறந்துபோகும் தருணத்தில், அந்த ஊக்கின் அருமை விளங்கும்.

இனி, ஏன் ஆறு என்ற கேள்விக்கு வருவோம். ஐந்தாகவோ ஏழாகவோ இல்லாமல், உலகத்தின் எந்த மூலையில் அச்சான குல்லாப் பேட்டர்னும் சிங்கிள் குரோஷேக்குப் பெரும்பாலும் ஆறு ஆறாகவே கூட்டச் சொல்வது யாரோ ஏற்படுத்திய சம்பிரதாயம் என்று நினைக்கலாம். அதன் காரணம் நாம் எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து பரீட்சையோடு மறந்துவிட்ட வட்டத்தின் சுற்றளவில் இருக்கிறது. சுற்றளவு என்பது ஆரத்தின் 6.28 மடங்கு. சுற்று ஒன்று முடியும்போது வட்டத்தின் ஆரம் ஒரு தையலின் உயரம் அளவுக்குக் கூடுகிறது. ஆகவே சுற்றளவும் அந்த உயரத்தின் ஆறேகால் மடங்கு கூடியாகவேண்டும். சிங்கிள் குரோஷே ஏறத்தாழ எவ்வளவு அகலமோ அவ்வளவே உயரம். ஆதலால் சுற்றுக்கு ஆறு தையல் கூட்டினால் வட்டம் தட்டையாக விரிகிறது. டபுள் குரோஷே அதன் இரு மடங்கு உயரம் இருக்கும். அதற்குச் சுற்றுக்குப் பன்னிரண்டு வேண்டும். இதை அறிந்துகொண்டவளுக்குக் குல்லாவின் உச்சியைப் பின்ன மேற்கொண்டு பேட்டர்ன்கூட வேண்டியதில்லை. ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்துநான்கு என்று ஆறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே போகலாம்.

கூட்டல் குறைந்தால் துணி கிண்ணமாகக் குழிகிறது. தலைக்கு வேண்டியது குழிவுதான் என்பதால், உச்சி போதுமான அகலத்துக்கு விரிந்ததும் கூட்டலை அறவே நிறுத்திவிட்டு நேராகக் கீழிறங்குகிறோம். கூட்டல் மிகுந்தால் விளிம்பில் இடம் போதாமல் துணி அலையலையாகச் சுருள்கிறது. இந்தச் சுருள்வைக் கண்டு நீங்கள் வெட்கப்படவேண்டியதில்லை. லாத்வியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் போதித்த டைனா டைமினா என்ற பெண்மணி, அதிபரவளைவுத் தளம் என்று கணித வல்லுநர்கள் ஏட்டில் விவரித்துவந்த விசித்திர வடிவத்தை மாணவர்களுக்குக் கையில் கொடுத்துக் காட்ட விரும்பி, காகிதத்தில் ஒட்டிய மாதிரிகள் எளிதில் நைந்துபோவதைக் கண்டு, 1997இல் குரோஷா ஊசியை எடுத்து, வேண்டுமென்றே ஒரே விகிதத்தில் கூடுதலாகக் கூட்டிக்கொண்டுபோய் அதைப் பின்னிவிட்டார். உங்கள் கையில் தவறுதலாக வந்தது அவர் கையில் பாடமாயிற்று. தலையில் மாட்டிக்கொள்ள அது உதவாது என்பது வேறு விஷயம்.

உச்சி கூம்பிப்போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் உள்ள பேதத்தால் விளைவது. அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்று சொல்லும் தையலைப் பிரிட்டிஷார் டபுள் குரோஷே என்கின்றனர். அமெரிக்கரின் டபுள், பிரிட்டிஷாரிடம் ட்ரெபிள் ஆகிவிடுகிறது. நம் பாட்டிமார் காலத்துத் தையற் புத்தகங்கள் பிரிட்டிஷ் வழக்கைத் தழுவியவை. இன்று கைபேசியில் நீங்கள் பார்ப்பவற்றிற் பல அமெரிக்க வழக்கைத் தழுவியவை. பிரிட்டிஷ் பேட்டர்ன் ஒன்று டபுள் போட்டு ஆறு ஆறாகக் கூட்டச் சொல்ல, அமெரிக்கப் பழக்கத்தில் கற்றவள் இரு மடங்கு உயரமான தையலைப் போட்டு ஆறு ஆறாகவே கூட்டினால், வேண்டியதில் பாதி கூட்டலே விழுகிறது. உச்சி கூம்பாமல் வேறென்ன செய்யும்? மேலே சொன்ன சுற்றளவுக் கணக்கு தெரிந்திருந்தால், பேட்டர்ன் எந்தத் தேசத்துக்குரியது என்று அது சொல்லாவிட்டாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்: டபுள் என்று எழுதி ஆறு ஆறாகக் கூட்டினால் பிரிட்டன், டபுள் என்று எழுதிப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டினால் அமெரிக்கா.

இவ்வளவையும் சரியாகச் செய்தும் குல்லா தாத்தாவுக்குப் போய்ச் சேர்வது ஏன்? பேட்டர்ன் தையல்களைத்தான் எண்ணுகிறது. தலையோ சென்டிமீட்டரில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பாலம் கேஜ் என்று தலைப்பில் எழுதியிருக்கும் அந்த ஒற்றை வரி. பத்து சென்டிமீட்டருக்கு இத்தனை தையல், இத்தனை வரிசை என்று அது சொல்லும். மாதம் நிறைந்து பிறந்த சிசுவின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர்; பின்னல் நீண்டு கொடுக்கும் ஸ்வபாவமுடையது ஆதலால் குல்லாவை இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைத்தே பின்னவேண்டும். பத்து சென்டிமீட்டருக்குப் பதினெட்டு தையல் விழும் கைக்கு, பத்தாம் சுற்றின் அறுபது தையல்கள் சுமார் 33 சென்டிமீட்டர் ஆகின்றன; குழந்தையின் தலையில் கச்சிதமாக அமரும். அதே அறுபது தையல்கள், தளர்ந்து இழுத்துப் பத்து சென்டிமீட்டருக்குப் பதினைந்தே போடுகிற கையில் 40 சென்டிமீட்டர் ஆகிவிடுகின்றன. எண்ணிக்கையில் எள்ளளவும் பிழையில்லாமல், குல்லா கண்ணை மறைத்துக்கொண்டு மூக்கில் வந்து நிற்கும். முன்கூட்டியே ஒரு சிறு சதுரம் பின்னி, அதன்மேல் ஸ்கேலை வைத்து எண்ணிப் பார்க்கும் அரைமணி நேரத்தை மிச்சம்பிடிக்கப்போய் ஒரு வாரத்தை இழக்கிறோம். சதுரத்தில் தையல் குறைவாக விழுந்தால் அரை மில்லிமீட்டர் மெலிந்த ஊசிக்கு மாறுங்கள். அதிகமாக விழுந்தால் பருத்த ஊசிக்கு. கையின் இறுக்கத்தை மாற்றிக்கொள்ள முயலவேண்டாம். அது கையெழுத்தோடு பிறந்தது.

கேஜ் என்ற இந்த ஒரு வரியின் மகத்துவத்தை நிரூபிக்க அயல்நாட்டு உதாரணம் தேடவேண்டியதில்லை. சென்னையைச் சேர்ந்த சுபஸ்ரீ நடராஜன் ஒன்றுதிரட்டிய மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்னும் பெண்கள் குழு, 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷே போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. இரண்டே முக்கால் ஏக்கர் நிலத்தை மூடும் பரப்பு அது. நாம் இங்கே கவனிக்கவேண்டியது சாதனையைக் காட்டிலும் அதன் செய்முறையை. ஒருவரையொருவர் பாராத பெண்கள், வெவ்வேறு ஊர்களிலும் தேசங்களிலும் தத்தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பின்னிய துண்டுகள் ஓரத்தோடு ஓரம் பொருந்தினாலன்றி அந்தப் போர்வை இல்லை. எல்லோருக்கும் ஒரே இறுக்கம் வாய்க்காது. ஆகவே எல்லோரும் ஒரே அளவுக்கு வந்துசேரவேண்டும். அப்படிப் பின்னியவர்களில் ஊசி பிடித்துச் சில மாதங்களே ஆனவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். சாதனைக்குப் பிற்பாடு அந்தப் போர்வை சிறு போர்வைகளாகப் பிரிக்கப்பெற்று, குளிருக்குத் துணியற்றவர்களுக்கு வழங்கப்பட்டது.

குளிர் என்றதும் உங்கள் வீட்டு ஆண்மக்கள் கேட்கும் கேள்வி என் காதிலும் விழுகிறது: வருஷத்தில் பத்து மாதம் வேர்த்துக் கொட்டும் இந்த ஊரில் உல்லன் குல்லா எதற்கு? கேட்கிறவர்களே மார்கழி பிறந்ததும் மங்கி குல்லாவும் மப்ளருமாகச் சானடோரியம் ரயிலடியில் டீ குடித்துக்கொண்டு நிற்பவர்கள் என்பதால், அந்தக் கேள்விக்கு விடை சொல்ல நான் சிரத்தை எடுத்துக்கொள்ளப்போவதில்லை.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று உண்டு. பேட்டர்னைப் படிக்கத் தெரிந்திருப்பது வெறும் சாமர்த்தியத்தைச் சேர்ந்ததா, அதற்கு மேலும் ஏதேனும் அதில் அடங்கியிருக்கிறதா என்பதே அது. தமிழ்நாட்டில் இந்த வகைக் கைவேலையின் சரித்திரம் தென்கோடியில் தொடங்குகிறது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா, அங்கிருந்த பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை 1844இல் மணந்து, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு அந்த வித்தையைக் கொண்டுபோனார். அது ஊசியால் பின்னும் குரோஷா அன்று. திண்டின்மேல் அட்டையைப் பொருத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றிப் போடும் வேலை. அதன் பேட்டர்ன் என்பது அந்த அட்டையில் குத்திய துளைகளே. அட்டை இருந்தால் வேலை உண்டு. அட்டை மாறினால்தான் வேலை மாறும்.

ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில் நர்சாபூரில் மிஷனரிகள் வழியே வேரூன்றிய குரோஷே லேஸ் இன்னும் தெளிவான பாடம். கடல் கடந்து விற்ற அந்தச் சரக்கைப் பின்னிய பெண்களின் நிலையை நேரில் ஆராய்ந்து ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒருத்தி பூவை மட்டும் பின்னுவாள். இன்னொருத்தி பூக்களை இணைப்பாள். முழு விரிப்பு எப்படி உருவாகிறது, எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பதெல்லாம் வியாபாரிகளின் வசம் இருந்தது. நாள் முழுதும் பின்னிய அந்தப் பெண்களை, ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகப் பின்னும் இல்லத்தரசிகள் என்றே உலகம் குறிப்பிட்டு, அதற்கேற்ற சொற்பக் கூலியைக் கொடுத்தது என்பது அவர் கண்ட உண்மை. அந்த லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. ஆனால் துண்டை மட்டும் அறிந்து முழுமையை அறியாதிருக்கும் கை, எவ்வளவு நுட்பமான கையாயினும், பிறர் சொன்ன விலைக்குக் கட்டுப்பட்டதுதான். ஆகவேதான், குழந்தைக் குல்லாக்களைப் பின்னி விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கலாம் என்று யோசிக்கும் உங்களிற் சிலருக்கு, விலைப்பட்டியல் போடுவதற்கு முன் பேட்டர்னைத் திருத்தி எழுதக் கற்றுக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்துகிறேன். மூன்று அளவுகளில் குல்லா கேட்கும் வாடிக்கைக்காரியிடம், நான் பார்த்த வீடியோவில் ஓர் அளவுதான் இருந்தது என்று சொல்லிப் பயனில்லை. கணக்கு எளியது: வேண்டிய சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் உச்சி வட்டத்தின் விட்டம். 32 சென்டிமீட்டருக்குப் பத்து, பெரியவர்களுக்குரிய 53 சென்டிமீட்டருக்குப் பதினேழு. அந்த விட்டம் வரும்வரை கூட்டுங்கள், வந்ததும் நிறுத்துங்கள்.

இன்னும் சிலர், பின்னுவதைத் தானமாகக் கொடுக்க விரும்புகிறார்கள். குறைந்த எடையில் பிறந்த சிசுவைத் தாயின் மார்போடு தோல்மேல் தோலாக அணைத்து வைக்கும் கங்காரு முறை, 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாத மருத்துவமனையொன்றில் பிறந்து, இன்று நம் அரசு மருத்துவமனைகள் வரை வந்திருக்கிறது. அந்த அணைப்பில் இருக்கும் குழந்தைக்குத் தலையில் குல்லாவும் இடுப்பில் துணியும்தான் பெரும்பாலும் உடை. ஆயினும், மூட்டையோடு போய் வார்டு வாசலில் நிற்காதீர்கள். என்ன அளவு வேண்டும், என்ன நூல் ஆகும், வேண்டுமா வேண்டாமா என்பதைத் தலைமை நர்ஸிடம் முதலில் கேளுங்கள். ரோமம் உதிரும் நூல் கூடாது. வெந்நீரில் துவைத்தால் சுருங்காத மெத்தென்ற நூலாக இருக்கவேண்டும். பொத்தான், ரிப்பன், உச்சிக் குஞ்சலம் எதுவும் வேண்டாம். நூலின் நுனியை ஒரே திசையில் இழுத்து விட்டுவிடாமல், போய்த் திரும்பி மறுபடி போகுமாறு தையல்களுக்குள் செருகி முடியுங்கள். அவிழ்ந்த ஓர் இழை சிசுவின் விரலில் சுற்றிக்கொண்டால் ஆபத்து. வீட்டில் தூளியில் தூங்கும் ஆரோக்கியமான குழந்தைக்கு, நம் சித்திரை வெயிலில் குல்லாவை மாட்டிவிடவேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதையும் பாட்டிமாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில், சிகிச்சையால் முடியுதிர்ந்தவர்களுக்கென்று பின்ன நினைப்பவர்கள் உல்லனைத் தொடாமல் பருத்தி நூலையே எடுங்கள்; அந்தத் தலைத்தோல் சொரசொரப்பைத் தாங்காது. அங்கேயும் முதலில் கேட்டுவிட்டே பின்னுங்கள்.

ஆங்கிலச் சுருக்கெழுத்து வரவில்லையே என்று தயங்குகிற சகோதரிகளுக்கு ஒரு மார்க்கம் சொல்கிறேன். ஜப்பானியர் குரோஷே பேட்டர்ன்களைப் பெரும்பாலும் படமாகவே வரைகிறார்கள்: முட்டை வடிவம் சங்கிலி, சிறு சிலுவை சிங்கிள், குறுக்கே ஒரு கோடு கீறிய ‘T’ டபுள், இரண்டு கால்கள் ஒரே அடியிலிருந்து பிரிந்தால் கூட்டல். நடுவிலிருந்து சுற்றிக்கொண்டு வெளியே படித்துப் போகவேண்டியதுதான். எந்தப் பாஷையும் வேண்டாம். ஆனால் அதைவிட எனக்குப் பிரியமானது, நீங்களே தமிழில் பேட்டர்ன் எழுதத் தொடங்குவது. அதற்காகப் புதுச் சொற்களை வார்த்துக்கொண்டு உட்காரவேண்டாம். சங்கிலி, சிங்கிள், டபுள், கூட்டல், குறைத்தல், சுற்று என்று நீங்கள் ரயிலில் பேசிக்கொள்ளும் சொற்களே போதும். நூல் எத்தனை ப்ளை, ஊசி எத்தனை மில்லிமீட்டர், பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை தையல், ஏறும் சங்கிலி கணக்கில் சேருமா என்ற நான்கையும் தலைப்பில் எழுதிவிட்டு, பிறகு சுற்றுச் சுற்றாக எழுதுங்கள். எழுதியதை, அதுவரை குல்லாவே பின்னியிராத ஒருத்தியிடம் கொடுத்து, பக்கத்தில் அமர்ந்து வாய் திறவாமல் பாருங்கள். அவள் எங்கே தலை நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாளோ, அந்த வரியைத் திருத்தவேண்டும்.

அப்படி எழுதப்பெற்ற பேட்டர்ன்களை நான் ஒரு நோட்டில் சேர்த்து வருகிறேன். உங்களுடையவற்றையும் அனுப்புங்கள். பிறந்த குழந்தை, ஒரு வயது, ஐந்து வயது, பெரியவர் என்று எந்த அளவானாலும் சரி. எழுத்துப்பிழையை நான் பொருட்படுத்தமாட்டேன். சுற்றின் முடிவில் தையல் தொகையைச் சதுர அடைப்பில் போடாத பேட்டர்னை மட்டும், எவ்வளவு அழகான குல்லாவாக இருந்தாலும், திருப்பி அனுப்பிவிடுவேன்.

இங்ஙனம்,
கிழக்குத் தாம்பரத்திலிருந்து உங்கள் சகோதரி ஒருத்தி